மருதாணி பிடித்த தோல்

"இந்தத் தோலுக்கு மூச்சு உண்டு!" என்று கத்துகிறாள் சஹர். பாலிஷிங் மெஷின் போடுகிற இரைச்சலில் பாதிதான் போய்ச் சேருகிறது. மெஷினில் நிற்கும் ஜெயசீலன் தலையைத் திருப்பவில்லை. "செத்துச்சு" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, கைபேசியில் அந்த வரியை அழிக்கிறாள். அடுத்த வரியை எடுத்து விடுகிறாள்: "ஒரு கைப்பைக்குப் பின்னாடி எத்தனை கைங்க இருக்கு தெரியுமா!" ஜெயசீலனின் கழுத்து லேசாக அசைகிறது. கொசு கடித்தும் இருக்கலாம். ஆனாலும் சஹருக்கு முகமெல்லாம் பல்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் கூடம் இது. லிங்க்ட்இன்னில் கம்பெனியின் பெயரில் தினம் ஒரு பதிவு போடுவது சஹரின் வேலை. வியாபாரிகளும் வேலை தேடுகிறவர்களும் கோட்டு போட்ட படங்களோடு உலவுகிற தளம் அது. அங்கே ஒரு பதிவில் முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும். மிச்சத்தைப் படிக்க வேண்டுமென்றால் படிப்பவர் விரலால் தட்ட வேண்டும். அப்படித் தட்ட வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால்தான் இந்த ஜெயசீலன் பரீட்சை. இரைச்சலை மீறி அவரைத் திருப்பிவிடுகிற வரி தோல் வாங்குகிற போர்ச்சுகல்காரனையும் திருப்பும் என்பது அவள் கணக்கு. "அண்ணன் திரும்பினா ஆயிரம் பேரு திரும்பின மாதிரி" என்பாள். பேர்ணாம்பட்டிலிருந்து வருகிற ஜெயசீலன் லேசில் திரும்புகிற ஆள் இல்லை. "இன்னாமா, காலையிலேயே ஏலம் போடற?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வரி தேறிவிட்டால் அடுத்தது படம். கிழக்குச் சன்னலோரம் ஒரு பழைய மேஜை. அதன்மேல் தோலை விரித்து, கைபேசியின் கண்ணாடியில் ஃபூ என்று ஊதி, துப்பட்டா நுனியால் துடைத்து, "கொஞ்சம் சிரி" என்று தோலிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். முகம் காட்ட மாட்டாள். "விக்கறது தோலு. என் மூஞ்சி எதுக்கு?" என்பது அவள் கட்சி. படத்தில் வருவது அவள் வலது கை மட்டும், அதிலும் முக்கியமாகக் கட்டைவிரல். எண்ணெய்ப் பதம் உள்ள தோலை அந்த விரல் அழுத்தினால் நிறம் வெளிறும், விட்டதும் மெல்லத் திரும்பி வரும். அதைப் பார்க்க வெளிநாட்டில் ஒரு கூட்டமே சேர்ந்திருக்கிறது. சஹரைத் தெரியாதவர்களுக்கும் அவள் கட்டைவிரலைத் தெரியும். "வாடை மட்டும் போட்டோவுல வராது. அது நம்ம அதிர்ஷ்டம்" என்று சிரிப்பாள்.

எடுத்த எடுப்பில் இப்படியெல்லாம் வரவில்லை. வாணியம்பாடியில் பி.காம் முடித்து, இதே கம்பெனியின் பேக்கிங் பிரிவில் தோலை உருட்டிக் கட்டிக்கொண்டிருந்தவள். முதலாளி இஷ்தியாக் அகமதுவிடம் தானே போய்க் கேட்டு இந்த வேலையை வாங்கினாள். முதல் பதிவு, "பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்கி, யாரோ இருவர் கை குலுக்கும் படத்தோடு போனது. ரியாத்திலிருக்கும் மாமன் மகன் ஒரு லைக் போட்டான். முதலாளியின் மருமகன் ஒன்று போட்டார். "ரெண்டு லைக்கும் குடும்ப நலத்திட்டம்" என்று அந்தக் கதையை இன்றைக்கும் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு லைக் ஏறியது. ஆனால் ஆர்டர் பற்றிய பேச்சு வரவில்லை. எவ்வளவு அருமையாக எழுதினாலும், "ஆம்பூரா? பிரியாணி சாப்பிட எப்போது கூப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவர் வந்து நிற்பார். பெங்களூரிலிருந்து கேட்பார்கள், துபாயிலிருந்து கேட்பார்கள், லண்டனிலிருந்தும் கேட்பார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் மரியாதையாகப் பதில் போடுவாள் சஹர். போட்டுவிட்டு ஜெயசீலனிடம் வந்து பொருமுவாள். "பிரியாணி கேக்காம, தோலைப் பத்தி மட்டும் சரக்கு வாங்கற பையர் ஒருத்தர் கேக்கட்டும்ணா. மறுநாளே நேர்ச்சை நோன்பு வெக்கறேன்."

இஷ்தியாக் அகமதுவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. தாடியில் மருதாணிச் சிவப்பு ஏறிய பழைய கால வியாபாரி. ஹேஷ்டேக் குறியைக் காட்டி, "இந்த வேலி மாதிரி ஒண்ணு இருக்கே, ஆடு உள்ளே வராம இருக்கறதுக்கா?" என்று கேட்டவர். ரம்ஜான் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். "பெருநாள் முடிஞ்சு ஒரு மாசம் பாப்பேன்மா. லைக் ஜாஸ்தி, ஆர்டர் கம்மின்னே ஓடிச்சுன்னா போனைக் கீழ வெச்சுட்டு பேக்கிங்குக்குப் போய்டு." கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது வெறும் மிரட்டல் இல்லை என்று சஹருக்குப் புரிந்தது. பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை, அவளும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே நாக்கில் ஒரு வரி வந்து நிற்கிறதே, அந்தச் சந்தோஷத்தை எந்தப் பெட்டியில் வைத்துக் கட்டுவது?

பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அவள் கைக்கு ஒரு வெளிர் ஆட்டுத்தோல் வந்தது. சந்தன நிறம். சாயமும் ஏற்றாதது, மேல்பூச்சும் அடிக்காதது. தோலின் மயிர்க்கண்கூட அப்படியே தெரியும். ஒரு கீறல், ஓர் உண்ணிக் கடி இல்லாத அந்த ஒற்றைத் தோலை லாட்டிலிருந்து பொறுக்கி, வெளிநாட்டுக்கு அனுப்ப சாம்பிளாக எடுத்து வைத்திருந்தார் முதலாளி. "படம் எடுத்துக்க. பத்திரம்" என்று கொடுத்தார்.

சஹரின் கையிலோ மருதாணி. பெருநாளுக்கு வைத்தது சரியாகப் பிடிக்கவில்லை என்று, அவள் அம்மி என்று கூப்பிடுகிற அம்மா முந்தின நாள் இரவு மறுபடியும் வைத்துவிட்டிருந்தாள். அவர்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் மருதாணியைத் தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டார்கள். உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவுவார்கள், அப்போதுதான் கறுக்கச் சிவக்குமாம். சஹரும் அப்படியே எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். நக இடுக்கில் ஈரம் காயாத துகள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. சன்னலோரம் வெயில், உள்ளங்கையில் வியர்வை. வழக்கம்போல ஊதினாள், துடைத்தாள், சிரிக்கச் சொன்னாள், கட்டைவிரலை நன்றாக அழுத்தி எடுத்தாள்.

தோலின் நட்ட நடுவில் இளமஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"யா அல்லா!" என்று துப்பட்டாவால் துடைக்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டார் ஜெயசீலன். "துடைக்காத! துடைச்சா பரவும்." துடைக்காமலே அது ஆரஞ்சாக முற்றியது. வேறு வழியில்லாமல் முதலாளி அறைக்குத் தோலை எடுத்துப் போனாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். அவர் முதலில் தோலைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"மெஹந்தி கையோட சாம்பிளைத் தொடுவாங்களாமா? பூச்சு அடிச்ச சரக்குன்னா ஈரத்துணியில ஒரு இழுப்பு இழுத்தா போய்டும். இது வெறுந்தோலு. மனுசன் கை மாதிரி அப்படியே பிடிச்சுக்கும். எங்க வாப்பா காலத்துலேர்ந்து குத்தமுள்ள சாம்பிள் ஒண்ணு இந்தக் கேட்டைத் தாண்டினதில்லை." இதைச் சொல்லிவிட்டு மதிய லுஹர் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

சஹர் அழுதுகொண்டேதான் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். மனுசன் கை மாதிரி. இத்தனை மாதமாக அவள் தலையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானே! திரையில் பார்த்தால் பூச்சு அடித்த தோல்தான் பளபளவென்று அழகாகத் தெரியும், உண்மையான வெறுந்தோல் சோகையாகத் தெரியும். அது உண்மை என்று எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். இப்போது அது தானே கை நீட்டி மருதாணி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. மிச்சப் படிகளை அவள் இறங்கவில்லை, குதித்தாள்.

பூச்சு அடித்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதே கட்டைவிரலால் அதையும் அழுத்தினாள். நேரம் விட்டு ஈரத்துணியால் துடைத்தாள். சுவடே இல்லை. சாம்பிள் தோலைத் துடைத்தாள். ஓரம் கொஞ்சம் கசிந்ததே தவிர, ரேகை அப்படியே நின்றது. கடைசியாகத் தன் உள்ளங்கையைத் துடைத்துக் காட்டினாள். அதிலும் போகவில்லை. மூன்றையும் ஒரே வீடியோவாகக் கோத்தாள். முதல் வரிக்கு அன்றைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மெஷினைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இந்தத் தோலை நான் கெடுத்துட்டேன்!"

ஜெயசீலன் திரும்பவில்லை. மெஷினையே நிறுத்திவிட்டார். "இதை ஊருக்குச் சொல்லப் போறியா? பைத்தியமா உனக்கு? குத்தத்தை யாராவது கடை விரிப்பாங்களா?" அவருடைய பதற்றத்தைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நீங்களே மெஷினை நிறுத்திட்டீங்கண்ணா!" என்றாள். முதலாளியிடம் கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் போட்டால் நாளைக்கே பேக்கிங், இல்லை வீடு. விரல் ஒரு கணம் தயங்கியது. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அழுத்திவிட்டாள்.

முதலில் வந்தவர் கேட்டது பிரியாணி. பின்னாலேயே ராணிப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர், "கறை பட்ட சரக்குக்கு விளம்பரமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு திபுதிபுவென்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிரேசிலில் ஒருத்தி தன் பாட்டன் தொழிலைப் பற்றி எழுதினாள். மொரோக்கோக்காரர் ஒருவர், எங்கள் ஊரிலும் மருதாணி உண்டு என்று எழுதினார். சஹர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெஷினுக்கும் மேஜைக்குமாக ஓடி ஓடி வாசித்துக் காட்டினாள். "அண்ணா, நூறு! அண்ணா, ஆயிரம் தாண்டிச்சு!" ஜெயசீலன், "நடுவுல ஒரு வாய் தண்ணி குடி" என்றார்.

அந்த நடுவில்தான் போர்ச்சுகலிலிருந்து அது வந்தது. கைப்பை செய்கிற ஒரு நிறுவனம். தடிமன் என்ன, மாதம் எத்தனை சதுர அடி தர முடியும் என்று கேட்டிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: சாம்பிளாக வேறு தோல் வேண்டாம், கட்டைவிரல் பதிந்த அதே தோலை அனுப்புங்கள். பிரியாணி என்ற சொல் மேலே கீழே தேடியும் இல்லை. சஹர் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவள் எழுவதற்குள் இஷ்தியாக் அகமது வந்துவிட்டார். ராணிப்பேட்டை நண்பர் யாரோ, "பாய், உங்க சரக்குல கறையாமே?" என்று போன் போட்டிருக்கிறார். "இன்னாமா பண்ணி வெச்சிருக்க?" என்று கூடமே அதிரக் கேட்டார். சஹர் கைபேசியை நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். போர்ச்சுகல்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ரேகை துடைத்தும் போகாமல் நிற்கிற இடம் வந்ததும், அவர் கை தானாகத் தன் தாடிக்குப் போனது.

"இது மட்டும் துடைச்சா போவுதா இன்னா?" என்று சொல்லிச் சிரித்தே விட்டார். பிறகு மேஜைமேல் கிடந்த தோலை அவரே எடுத்து, பட்டர் பேப்பரில் சுருட்டினார். வாப்பா காலத்திலிருந்து குற்றமுள்ள சாம்பிள் தாண்டாத கேட்டைத் தாண்டப் போகிற சரக்கு. கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது, ஆனாலும் சுருட்டி முடித்தார். "ஜெயசீலா, பேக்கிங்குக்கு ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தேன்ல? வேற யாரையாச்சும் பாரு. இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார். போகிற போக்கில் சஹரிடம், "அடுத்த வாட்டி கெடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டுக் கெடுமா" என்றார்.

மறுநாள் மதியம் ஃபினிஷிங் கூடம் முழுக்க முதலாளி செலவில் பிரியாணி. பொட்டலம் பிரிக்கிற சத்தமும் வாசனையும் தோல் வாடையை ஓரங்கட்டிவிட்டன. "உன் பேரைச் சொல்லித்தான் வந்திருக்கு, முதல் வாய் நீ வைம்மா" என்று பெரிய பொட்டலமாகப் பார்த்து எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார் ஜெயசீலன். சஹர் அதைப் பிரித்தாள். ஆவி பறக்க ஒரு படம் எடுத்து, முதல் நாளிலிருந்து பிரியாணி கேட்டுக்கொண்டிருக்கிற பெங்களூர்க்காரருக்கு அனுப்பிவைத்தாள். பிறகு, "இன்னைக்கு நேர்ச்சை நோன்புண்ணா" என்று இலையை மறுபடி மூடி, சிவந்த கட்டைவிரலால் பொட்டலத்தை மெல்ல ஜெயசீலன் பக்கம் தள்ளினாள்.