வீட்டுச் சுவரோரம் கிடந்த படகு

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் படகைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஐப்பசி பிறந்து கடல் கெட ஆரம்பித்ததும் அப்பா டிராக்டர் வைத்து அதைக் கரையிலிருந்து இழுத்து வந்துவிடுவார். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரைக் கடலை விட்டுத் தள்ளி உள்ளே கொண்டுவந்து, வரிசை வீடுகளாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் சந்து. அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு, இரண்டு பனங்கட்டைகளின் மேல், எங்கள் ஃபைபர் படகு தை முடிகிறவரை கிடக்கும்.

மற்றவர்கள் படகைக் கரையிலேயே மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். அப்பா கவிழ்க்கமாட்டார். கவிழ்த்தால் அதில் உட்கார முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மழை விட்ட நேரமெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலடி தூரத்தில் இருக்கும் சுவரை, ரொம்ப தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும், பயமாகவும் இருக்கும்.

அந்தப் படகை நான் வெறுத்தேன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதில்தான் இருந்தார், பிழைத்தார். அம்மா அந்தப் படகு வரும் என்று கூடையோடு கரையில் நின்றாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் டவுனில், மஞ்சக்குப்பத்தில் ட்யூஷனில் இருந்தேன். அம்மா கிடைக்கவே இல்லை. அப்பாவைப் படகு காப்பாற்றியது என்று ஊரே சொன்னது. அம்மாவைக் கரைக்கு வரவழைத்ததும் அதுதானே என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் கரைப் பக்கமே போகவில்லை. மணல் தெரிகிற இடத்தோடு திரும்பிவிடுவேன்.

2011இல் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வந்து அலுத்துப்போய், அங்கேயே ஒரு வீடு பார்த்தேன். பள்ளியில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலையும் பேசி வைத்தேன். அம்மாவைக் கொடுத்தாகிவிட்டது, இவரையும் கடலுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேட்டைத் தொறந்து மூட என்னையா கூப்புடற?"

"உயிரோட இருக்கறதுக்குக் கூப்புடறேன்ப்பா."

"படகு இருக்கறவரைக்கும் போறேன் பாப்பா. அப்புறம் பாக்கலாம்."

படகு இருக்கிறவரைக்கும். அதைத் தவிர அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகையில் அவருக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாள் படி ஏறக்கூடாது, பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்றார்கள். சிதம்பரத்தில் அத்தை வீட்டில் படுக்கவைத்தோம். அந்த நிலைமையிலும் அவருக்குப் படகுக் கவலைதான்.

"மழை ஜாஸ்தியா இருக்கு. பின்னாடி தக்கையை எடுத்துவுட்டுருக்கேன். ஓட்டையில சருகு அடைச்சிக்காம பாத்துக்க. தண்ணி நின்னா பாரம் தாங்காது, அடி பொளந்துரும்."

வீட்டுக்கு வந்தேன். தக்கை படகுக்குள்ளேயே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் பின்பக்கத் துளை வழியாகப் பிசகாமல் வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. தக்கையைத் துளையில் வைத்துக் கையால் அழுத்தி, போதாது என்று ஒரு செங்கல்லால் இரண்டு தட்டுத் தட்டினேன். தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே போய் டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மழை விடாமல் பெய்தது. கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்கால் அளவாகி, அதற்கும் மேலே ஏறியது. இரண்டு கட்டைகளுக்கும் நடுவே படகின் வயிறு தொங்க ஆரம்பித்தது. காற்றே இல்லாத மத்தியானத்தில்கூட உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும். கழிப்பறைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன். ஒரு நாள் பார்த்துவிட்டேன். முருங்கை இலை மிதந்த கறுத்த தண்ணீரில் ஒரு முகம் தெரிந்தது. என் முகம்தான். ஆனால் எனக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் மூக்கு. வீட்டுக்குள் ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டேன். படகைக் கொல்வதில் அவள் என் கட்சியா, அப்பா கட்சியா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போன் செய்து கேட்கும்போதெல்லாம், "தக்கை எடுத்துதான்ப்பா இருக்கு" என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிற அதே வாய்தான்.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. விடிகிற நேரத்துக் காற்றில் எங்கள் தெருவில் ஓடு, தகரம், தென்னை எதுவும் இருந்த இடத்தில் இல்லை. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளைக் காற்று தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தது. பக்கத்து வீட்டு மாமாவின் படகு இரண்டாக முறிந்து சவுக்குத் தோப்பில் கிடந்ததாகச் சொன்னார்கள். காற்று அடங்கி நான் கதவைத் திறந்தபோது எங்கள் படகு சந்தில் அப்படியே இருந்தது. உள்ளே நிறைந்திருந்த தண்ணீரின் பாரத்தில் அது ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

ஊரில் செய்தி பரவிவிட்டது. படித்த பெண், புயல் வரும் என்று முன்பே தெரிந்து தண்ணீர் கட்டி வைத்திருக்கிறாள் என்று. பக்கத்து வீட்டு மாமா வந்து எங்கள் படகை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருக்கு அழுகை வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார்.

இது காப்பாற்றுவதற்குச் செய்தது இல்லை மாமா என்றா சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்குப் பிறகு அப்பா வந்தார். தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை விட்டார். அடியில் நீளமாக ஒரு கீறல் ஓடியிருந்தது. புயலில் ஆனது என்று நினைத்துக்கொண்டு, ஃபைபர் துணியும் பசையும் வாங்கிவந்து அவரே ஒட்டுப் போட்டார். போட்டுக்கொண்டே, "ஒங்கம்மாவுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது" என்று என்னைப் பாராட்டினார். அந்தக் கீறல் என்னுடையது. அந்த ஒட்டை நம்பி அவர் கடலுக்குப் போகப் போகிறார்.

மாசியில் ஒரு காலை, ஒட்டு தாங்குகிறதா என்று பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று, ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மணலில் கால் வைத்தேன். எங்கள் ஊரில் பொம்பளைகள் படகில் ஏறுகிற வழக்கம் இல்லை. தள்ளிவிட வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒட்டு விட்டால் நானும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

அலை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். குடிகாட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கியும் எங்கள் ஊர்த் தண்ணீர்த்தொட்டியும் ஒரே கோட்டில் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். என் கண் காலடியில் இருந்த ஒட்டிலேயே இருந்தது. ஈரம் கசியவில்லை.

"இங்கதான் இருந்தேன். கரையில உங்கம்மா நிக்கிறதப் பாத்துட்டேன். அப்ப தண்ணி ஒரு மாதிரி இழுத்துச்சு. படகை ஆழத்துப் பக்கம் திருப்பினேன். அலை ஒரு தூக்கு தூக்கிச்சு. படகு எறங்கினதும் திரும்பிப் பாத்தா கரையில யாருமில்ல" என்றார் அப்பா.

நான் கரையைப் பார்த்தேன். மீன் எடுக்க வந்த பெண்கள் புள்ளி புள்ளியாக நின்றார்கள்.

"இங்கருந்து மூஞ்சி தெரியாது, புடவைதான் தெரியும். யாரு நின்னாலும் அவளாட்டந்தான் இருக்கும். அதுக்குத்தான் தெனம் இங்க ஒரு நிமிசம் நிறுத்துவேன்."

அப்போது சொல்லிவிட்டேன். தக்கை, செங்கல், போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அழுதேனா என்று நினைவில்லை. அப்பா கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே இருந்தார்.

"படகு போயிருந்தா இன்னொருத்தன் படகுல கூலிக்கு ஏறியிருப்பேன் பாப்பா. அவன் இங்க நிறுத்தமாட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட்ச்மேன் வேலைக்கு அவர் வரமாட்டார் என்று அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு சிதம்பரத்து வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் படகு திரும்புகிற நேரத்துக்குக் கரைக்குப் போனேன். மற்ற பெண்கள் ஏலம் போடுகிற பக்கம் கும்பலாக நின்றார்கள். நான் யாரோடும் சேராமல், சுற்றி ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில் தனியாக நின்றேன். தூரத்தில் ஒரு படகு நிற்பதும், பிறகு கிளம்பி வருவதும் தெரிந்தது. கரை தட்டியதும் அப்பா இறங்கி நேராக என்னிடம் வந்து மீன் கூடையைக் கொடுத்தார்.

"இன்னிக்கு ரெண்டு பேரு நின்னீங்க" என்றார்.