சர்வருக்கு எண்ணெய் விட்டேன்

போன வருடம் அரையாண்டு லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்கூடம். இருந்தவர்கள்: நான். என் மனைவி. எட்டாவது படிக்கும் என் மகள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் மச்சினன்.

மகளும் அவள் கூட்டாளிகளும் போனில் சேர்ந்து விளையாடுவார்கள். கட்டி கட்டியாக அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. எல்லாரும் ஒரே ஊருக்குள் வர வேண்டுமென்றால், அந்த ஊர் ஒரு கம்ப்யூட்டரில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் சர்வர். வீட்டிலேயே வைக்கலாம். இல்லையென்றால் மாத வாடகைக்கு, எங்கோ இருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டரில் வைக்கலாம். அது கிளவுட். எது என்பதுதான் பேச்சு.

கிளவுட்தான் நல்லது என்றான் மச்சினன். தறிக்கூடத்துப் பஞ்சு கம்ப்யூட்டருக்கு ஆகாது என்றாள் மனைவி. மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

பதினெட்டு வருடம் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவன் நான். இந்த நாலு தறியும் சொந்தம். “நம்ம பொருளு நம்ம கண்ணு முன்னால ஓடணும். இங்கனயே வைங்க” என்றேன். அதோடு முடிந்தது.

மச்சினன் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் வந்தது. நூல் அடுக்கும் பலகையில் வைத்தோம். ஓடியது. பிள்ளைகள் ரத வீதி கட்டினார்கள், பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள், ரயில்வே கேட் கட்டினார்கள். மகளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி உண்டு. கடையநல்லூர்ப் பிள்ளை. குடும்பத்தோடு துபாய்க்குப் போய்விட்டாள். அவளும் தினம் சாயங்காலம் அந்த ஊருக்குள் வந்துவிடுவாள். நானும் எட்டிப் பார்ப்பேன். ஒன்றும் விளங்காது. ஓடுகிறது என்பது மட்டும் விளங்கும்.

மூன்றாம் மாதம் அந்தக் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஞாயிறு என்றால் தறிகளைத் துடைத்து எண்ணெய் விடுவது வழக்கம். கத்துகிற இடத்தில் இரண்டு சொட்டு. முப்பது வருடப் பழக்கம். நாலு தறிக்கும் விட்டேன். கேன் கையில் இருந்தது. கம்ப்யூட்டரின் காற்றாடிக்கும் விட்டேன். கத்தல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். சத்தம் நின்றது. திருப்தியாக இருந்தது. பார்த்தால், ஓட்டமும் நின்றுவிட்டது.

வடிந்ததைத் துடைத்துவிட்டு, தெரியாதவன் போல இருந்துகொண்டேன்.

மச்சினன் வந்து திறந்தான். “அத்தான், இதுக்குள்ள யாரு தாளிச்சது?”

துடைத்த தறியையே நான் மறுபடி துடைத்தேன்.

“எண்ணெயில பஞ்சு ஊறி திரியா கெடக்கு. கார்த்திகைக்கு ஏத்திரலாம்.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கேனைப் பார்த்தாள்.

ஊர் இருந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனான் மச்சினன். தேறுமா என்பது தெரியாது, இரண்டு நாள் ஆகும் என்றான். மகள் அழவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. உள்ளே போய் போனில் தோழியிடம் சொன்னாள்: “கரண்டு ஏறி எறங்கிட்டுடி. அதுல போயிட்டு. எங்கப்பா சரிபண்ணுதாவ.”

என் சட்டையில் எண்ணெய் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இரண்டு நாளும் தறி ஓட்டினேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மச்சினன் வந்தான். ஊர் தப்பித்தது. கடைசியாகக் கட்டிய ரயில்வே கேட் மட்டும் இல்லை. “வாடகைக்கே வச்சிருலே” என்றேன்.

“சரி அத்தான். அங்கன வச்சா ஒங்க கேன் எட்டாது” என்றான்.

அன்று சாயங்காலம் கூட்டாளிகள் பத்துப் பேரும் ஊருக்குள் வந்தார்கள். மகளிடம் போனை வாங்கினேன். “மக்கா, இவ அப்பா பேசுதேன். கரண்டு ஒண்ணும் பண்ணல. நான்தான் எண்ணெய விட்டுட்டேன். ரயில்வே கேட்டு போயிட்டு. மன்னிச்சிருங்க.”

ஒரு பையன் கேட்டான், “மாமா, நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?”

“தறி எண்ணெய்.”

துபாய்ப் பிள்ளை சொன்னாள், “கேட்டு போனா போட்டும் மாமா. ஊர்ல இருக்கையில நெசக் கேட்டுல ரயிலுக்காக நின்னது பத்தாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். மகளிடம் போனைக் கொடுத்து, “ஒங்கிட்டயும்தான் தாயி, மன்னிச்சிரு” என்றேன். “போங்கப்பா” என்றாள்.

வந்து தறியைப் போட்டேன். மனைவி பின்னாலேயே வந்தாள். “கல்யாணமாகி பதினாறு வருசம். என்கிட்ட ஒருநாளு இப்படிக் கேட்டிருக்கியளா?”

யோசித்தேன். பஞ்சு ஆகாது என்று அன்றைக்கே சொன்னவள். கேட்டேன்.

“என்ன, காதுல விழல” என்றாள்.

நாலு தறியையும் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

கேட்டால் சிறுத்துப்போவோம் என்று நினைத்திருந்தவன் நான். ஐம்பது வயதில், வாய் திறந்து நான் மன்னிப்புக் கேட்டவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர்.