விரல் விரலாய்ச் சுற்றுகிறவள்

உடையார்கட்டுப் பிரேமிளாவைப் பிடிவாதக்காரி என்று ஊர் சொல்லும். நான் மறுக்கமாட்டேன். கச்சான் கடலை பிடுங்கும் கூலிவேலைக்குப் போகிறவள்; எவ்வளவு அவசரம் என்றாலும் காலையில் இரண்டு மணித்தியாலம் மகள் கஜனிக்குத்தான்.

கஜனிக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே உரசினால் போதும், தோல் கொப்பளித்து உரிந்துவிடும். புண்ணான விரல்கள் தொட்டுக்கொண்டு கிடந்தால் ஆறும்போது ஒன்றாகவே ஒட்டிவிடும் என்று வவுனியாவில் டொக்டர் சொல்லியிருந்தார். இடக்கையில் இரண்டு விரல் ஏற்கெனவே பாதிவரை ஒட்டிவிட்டன. அன்றிலிருந்து பிரேமிளா ஒவ்வொரு விரலையும் தனியாக, வசிலின் பூசிய துணியால் இடுக்குவரை சுற்றுகிறாள். பிள்ளை கத்தும். அவள் விடமாட்டாள். "பெத்த தாயா இவள்?" என்றுகூடக் கேட்டார்கள்.

விஜயதசமியன்று பிள்ளையார் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலெழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கினார்கள். நான் மகனோடு வரிசையில் நின்றேன். இடம்பிடிக்க முன்கூட்டியே வந்த பிரேமிளா எனக்கு முன்னால் நின்றாள். கஜனியைப் பிறகு கூட்டிவந்தது அவளுடைய புருசனின் அக்கா அமராவதி. பிள்ளையின் வலக்கை வெள்ளைப் பந்தாக இருந்தது.

"தேத்தண்ணி ஊத்துப்பட்டுக் கட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ளை அழுதவள், பாவம். அதான் எல்லா விரலையும் சேர்த்து மெத்தெண்டு கட்டிவிட்டனான்," என்றாள் அமராவதி. பாசத்தில் செய்ததுதான்.

பிரேமிளாவின் முகம் கறுத்தது. "நீங்கள் பாவம் பாத்தால் இவளுக்குக் கை இல்லை மச்சாள்!"

கோயில் முற்றத்திலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து வசிலினையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டு, போத்தல் தண்ணீரால் நனைத்து நனைத்துக் கட்டை அவிழ்த்தாள். பிள்ளை வீரிட்டது. ஐயர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "இண்டைக்கு மட்டும் அப்பிடியே விடலாம்தானே?" என்று கேட்டவள் நான்தான், ஒளிப்பானேன்?

"இடக்கையையும் இப்பிடிச் சொல்லித்தான் விட்டனாங்கள். நீங்கள் முன்னுக்குப் போங்கோ அக்கா," என்றாள், நிமிர்ந்தும் பாராமல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனேன்.

அவள் கடைசி ஆளாகத்தான் வந்தாள். கஜனியின் ஐந்து விரலும் தனித்தனியே சுற்றியிருந்தன. வழக்கம்போல் விரலைப் பிடித்து எழுதுவிக்க ஐயர் கை நீட்டினார்.

"பிடிக்க வேண்டாம் ஐயா, தோல் உரிஞ்சு போம். சொல்லுங்கோ, அவளே எழுதுவாள்."

ஐயர் தயங்கிவிட்டு, "அ" என்று சொன்னார். தட்டிலிருந்த அரிசியில் கஜனி சுட்டுவிரலை இழுத்தாள். கோணல்மாணலாக ஒரு சுழி விழுந்தது.

"இது 'அ' மாதிரி இல்லையே," என்று அமராவதி கவலைப்பட்டாள்.

"எழுத்துப் பிறகும் வரும் மச்சாள்," என்றாள் பிரேமிளா. "விரல் போனால் வராது."