சாலம்மாள் வீட்டுப் பெரியவர்

வெங்கடாசலம் தன் வாழ்நாளில் பாதியை ரோட்டில் கழித்தவர். மீதிப் பாதியில் ரோட்டைப் பற்றிப் பேசிக் கழித்தது போக, வீட்டுக்கென்று மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். வீடு ஒன்றும் தூரமில்லை. புதுச்சத்திரத்தில், சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அந்த வீட்டில் அவர் சேர்ந்தாற்போல ஒரு மாதம் தங்கியது முழங்கால் முறிந்து கிடந்தபோது மட்டும்தான். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். அங்கே ஆரஞ்சோ வெங்காயமோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவார். அழுக்குத் துணியைத் துவைத்துக் காயப் போடுவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும்.

அவர் வருகிற நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் எல்லைப் பாலத்தில் வண்டி ஏறும்போதே ஹாரனை நீளமாக ஒரு தரம், வெட்டி வெட்டி இரண்டு தரம் அடிப்பார். மனைவி சாலம்மாள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காலியில் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைப்பாள். வண்டிக்காரர் நேராக வீட்டுக்குள் நுழையக் கூடாது. பல ஊர்ப் புழுதியும் டீசல் நாற்றமும் பொடக்காலியோடு போக வேண்டும். முதுகுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து விடுவாள். "எளைச்சுப் போயிட்டீங்க மாமா" என்பாள். தொப்பை வைத்த பிறகும் அதையேதான் சொன்னாள். சொந்த அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு அவர் மாமாதான்.

கண் மங்கி லைசென்சைப் புதுப்பிக்க முடியாமல் போனபோது வண்டியை விட்டு இறங்கினார். இனி சாலாவோடு ஆற அமர இருக்கலாம், அவள் கையால் மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிடலாம் என்று ஏகப்பட்ட திட்டம். பாவம் மனுஷன். அவர் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வீடே மறக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் கோகிலவாணி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதா மாதம் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுக்கிற நர்ஸ். போன மாதத்து மாத்திரைகள் பிரிக்காமல் உப்பு ஜாடிக்குள் கிடப்பதையும், வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் "நீ யாரு ஊட்டுப் புள்ள கண்ணு" என்று சாலம்மாள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கூட்டிவரச் சொன்னாள். வயசானால் மறதி வராதா என்று வெங்கடாசலம் மழுப்பினார். அவள் விடவில்லை.

டாக்டர் வித்யா இளவயதுப் பெண். அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பம். ரத்தத்தைச் சோதித்து, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொல்லி, எல்லாம் கைக்கு வந்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இது டிமென்ஷியா என்கிற மறதி நோய், குணமாகாது, மெள்ள மெள்ளக் கூடும். மருந்தை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அலைய வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்தில் குழப்பம் அதிகமாகும், அப்போது விளக்கைப் போட்டுப் பக்கத்திலேயே இருங்கள். இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிய வெங்கடாசலம், எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார்.

திருச்செங்கோட்டிலிருக்கும் மகள் மஞ்சுளா, அம்மாவைச் சேலத்தில் ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றாள். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வேலை, மாமியார். வெங்கடாசலம் மாட்டேன் என்றார். காலமெல்லாம் காத்துக்கிடந்தவளை, தான் வீட்டிலிருக்கும்போது கொண்டுபோய் வேறிடத்தில் விட அவருக்கு மனசு வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் சாலம்மாளுக்கு அவரை அடையாளம் தெரியாமல் போயிற்று. பகலில் ஒரு குறையும் இல்லை. அவர் ஊட்டினால் சாப்பிடுவாள், தலை சீவினால் உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் ரோட்டைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து எழுந்து உட்காருவாள். பிறகு அவரைப் பார்த்து மரியாதையாகச் சொல்வாள்: "பெரியவரே, உங்க ஊட்டுக்குப் பொறப்படோணுமில்லீங்களா? எங்க மாமா லோடு எறக்கிட்டு வந்துருவாரு. பொம்பள தனியா இருக்கற ஊட்டுல நீங்க இருந்தா நாலு பேரு நாலு பேசுவாங்க."

பெரியவராம். தாலி கட்டிய புருஷனுக்கு இந்தப் பட்டம். முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை அவள் மாமா என்று கூப்பிட வேண்டும். முன்பெல்லாம் அவள் கூப்பிட்டபோது அவர் பாதி நேரம் காதில் வாங்காமல் வண்டிக்கு டயர் மாற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். வேறு தொழில் செய்தவராக இருந்தால் செய்திருக்க மாட்டார். காலமெல்லாம் செக்போஸ்ட்டில் நின்று பழகியவர், எந்த வழக்கையும் பேப்பரைக் காட்டித் தீர்த்தவர். இதையும் அப்படியே தீர்த்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போல அவரைப் புறப்படச் சொன்னபோது, பீரோவிலிருந்து பழைய லைசென்சை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். "போட்டாவப் பாரு புள்ள. இது ஆரு?"

சாலம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுத்த மீசையும் முறைத்த கண்ணுமாக அவளுடைய மாமா. அவள் முகம் வெளுத்தது. லாரிக்காரர் வீட்டில், தெரியாத மனுஷர் ஒருவர் புருஷனின் லைசென்சைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தத் தெருவிலேயே அப்படி இரண்டு வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். "எந்த ஊர்ல கவுந்துச்சு" என்று மட்டும் கேட்டாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். உயிரோடு எதிரில் நிற்கிற புருஷனுக்காக அவள் ஒப்பாரி வைக்க, அவர் அவள் தோளைத் தொடவும் முடியாமல் நின்றார். தொட்டால் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் கண் வீங்கியிருந்தது. ஏன் வீங்கியது என்று அவரையே கேட்டாள்.

அன்றைக்கு அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. அவர் கையை எடுத்து பிரஷர் பார்த்தார். அது எகிறிக் கிடந்தது. நீங்கள் தூங்கி எத்தனை நாளாகிறது, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாலம்மாளுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில் தன்னை ஒருவர் கேட்பார் என்று வெங்கடாசலம் எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதான் அவங்க புருஷன்னு நிரூபிக்க வேண்டாங்க ஐயா" என்றார் டாக்டர். "அவங்க எங்க இருக்காங்களோ அங்க போய்க் கூட இருங்க. அது போதும்."

புறநோயாளிக் கூட்டம் கலைந்த பிற்பகல்களில், இப்படி வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களை மாதம் ஒருமுறை கோகிலவாணி கூட்டி உட்கார வைப்பாள். வெங்கடாசலத்தையும் வரச் சொன்னாள். அவர் வெளியே போகும் நேரத்தில் சாலம்மாளிடம் உட்கார அக்கம்பக்கத்தில் ஆளையும் பேசிவிட்டாள். போனால் எல்லாரும் பெண்கள். ஒரே ஆண் பிள்ளை அவர்தான். முதல் தடவை கல்யாண வீட்டில் பந்தி மாறி உட்கார்ந்தவரைப் போல நெளிந்தார். ராசாத்தி என்ற பெண் சொன்னாள், அவள் மாமியார் செத்துப்போன மாமனாரைக் கேட்டு அழுவாராம். காட்டுக்குப் போயிருக்கிறார், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துவிடுவார் என்று சொல்லிப் பழகிய பிறகு அழுகை குறைந்ததாம்.

வெங்கடாசலம் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் வந்துவிடுவார் என்று சொல்வதோடு அவருக்கு ஆசை அடங்கவில்லை. ஏன், அந்த மாமா பழையபடி லாரியில் வந்தே விட்டால் என்ன? கோகிலவாணியிடம் கேட்டார். அவள் யோசித்து, டாக்டரையும் கேட்டுவிட்டு, "செஞ்சு பாருங்க பெரியப்பா. பயந்தாங்கன்னா உடனே உட்டுப்போடோணும்" என்றாள். சாலாவின் நிம்மதிக்காகத்தான் செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். உள்ளே இருந்த ஆசை வேறு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்தார். மீசைக்கு டை அடித்தார். அவரோடு வண்டி ஓட்டிய பூபதி இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய லாரியில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். பொழுது சாய்கிற நேரம். கோகிலவாணி வீட்டில் சாலம்மாளோடு இருந்தாள், வெந்நீரும் போட்டு வைத்திருந்தாள். பாலத்தில் ஏறியதும் பூபதி ஹாரனை நீளமாக ஒரு தரம், வெட்டி வெட்டி இரண்டு தரம் அடித்தான். வெங்கடாசலத்துக்குப் பெண் பார்க்கப் போன நாளில்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

சாலம்மாள் வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். மங்கிய வெளிச்சத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள். "ஏன் இத்தன நாளு?"

அவர் நேராகப் பொடக்காலிக்குப் போனார். அவள் பின்னாலேயே வந்து முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாதித் தண்ணீர் தரையில் போனது. எளைச்சுப் போயிட்டீங்க மாமா என்றாள். அவர் குனிந்து உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். குளிக்கிறவர் அழுவது யாருக்குத் தெரியப் போகிறது. கோகிலவாணிக்குத் தெரிந்தது. அவள் சொல்லாமல் கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காக்கியை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சாலம்மாள் தட்டு எடுத்து வைத்தாள். வைத்தவள் சாப்பாடு போடாமல் கதவுப் பக்கமும் சமையலறைப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். அவள் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க தப்பா நெனைக்கக் கூடாது மாமா. ஊட்டுல ஒரு பெரியவரு இருந்தாரு. வயசான மனுசன், போக எடமில்லையாட்ட இருக்குது. எனக்குத் தல சீவி உடுவாரு, சோறு ஊட்டி உடுவாரு. நான் என்ன திட்டுனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க வந்ததும் பயந்துக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. காலைலிருந்து சாப்புட்டாரோ என்னமோ."

வெங்கடாசலம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்க் கூட்டிக்கிட்டு வாங்க மாமா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அவரு இல்லாம எனக்கு ஒரு வாய் எறங்காது."

அவர் எழுந்தார். பொடக்காலிக்குப் போய்க் காக்கியைக் கழற்றிக் கொடியில் போட்டார். வழக்கமான வேட்டியைக் கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மீசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறுப்பு முழுக்கப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

அவரைக் கண்டதும் சாலம்மாளின் முகம் மலர்ந்தது. எங்கே போயிருந்தீர்கள் என்று கடிந்துகொண்டாள், கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இன்னொரு தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "எங்க மாமா வந்துருக்காரு. உங்களத் தேடிக்கிட்டுத்தான் போயிருக்காரு. வரட்டுங்க, சேர்ந்து சாப்புடலாம்."

பிறகு நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை விடவில்லை. லாரிகள் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு போயின, வந்தன.

"வந்துருவாருங்களா?" என்று கேட்டாள்.

"வந்துருவாரு சாமி" என்றார் வெங்கடாசலம். அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.