காந்தம் ஒட்டாத மட்கார்டு

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்துவின் சட்டைப் பையில் பேனா இருக்காது, மூக்குக்கண்ணாடி இருக்காது, காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய சின்னக் காந்தம். எங்கே கார் நின்றாலும் அதை எடுத்துத் தகரத்தில் வைப்பார். ஒட்டினால் கம்பெனித் தகரம். ஒட்டாமல் விழுந்தால், அடிபட்டு ஒடுங்கிய இடத்தில் பட்டி என்கிற பசையைப் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை காரின் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் பாருங்கள், பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியது கிடையாது. ஊரில் நாலு பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய கிறுக்கையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து ஒரே வண்டியில் வைத்துவிட்டார். செக்காலையில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறதே, அந்தப் பச்சை டட்சன். 1972-ஆம் வருடத்து வண்டி. நீள மூக்கு, இரண்டே சீட்டு. மெய்யநாதன் செட்டியார் என்று ஒருவர் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. நாலு வருடம் ஓட்டிவிட்டு, இடது பக்க முன் மட்கார்டை மாற்றிய கையோடு, ஏனென்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அவர் போனபிறகும் வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்ததை, மீட்டர் மாற்றப் போன இவர் பார்த்தார். செட்டியாரின் பிள்ளைகள் சென்னையில் இருந்தார்கள், கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட மாற்ற விடமாட்டார். ரேடியோ பாடாது, பாடாவிட்டால் போகிறது, அது கம்பெனி வைத்த ரேடியோ. சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருக்கிறது. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, ஐம்பது வருடத்தில் ஒரு கறை உண்டா பாருங்கள் என்று காட்டுவார். கட்டிய மனைவி நான் உட்கார வேண்டுமென்றால் மட்டும் முதலில் படுக்கை விரிப்பை மடித்துப் போட வேண்டும். தலையில் எண்ணெய் இருக்கிறதாம். நான் என்ன மீன்கூடையா என்று கேட்டிருக்கிறேன். விரிப்பைத்தான் எடுத்து நீட்டுவார்.

இத்தனையிலும் ஒரே குறை அந்த இடது மட்கார்டு. காந்தம் வைத்தால் கீழே விழும். அந்தப் பக்கத்து இண்டிகேட்டர் வேறு தானாக எரியும். எல்லா இடத்திலும் இல்லை. சிவகங்கை போகும்போது ஒக்கூருக்கு முன்னால் ஒரு வேப்பமரம் வரும், அங்கே. டிரான்ஸ்பார்மரையே பிரித்து மேய்ந்தவருக்கு ஒரு சின்ன பல்பை அடக்கத் தெரியவில்லை. பட்டி பூசிய தகரத்தில் எர்த் சரியாகக் கிடைக்கவில்லை, பழைய மட்கார்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். அதே வருடத்து மட்கார்டை ஜப்பானிலிருந்தே அனுப்புகிறேன் என்று ஒருவர் போனில் சொன்னார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். "அது வேற வண்டியோடது பூரணி. இதோட பொறந்ததுதான் வேணும்." எட்டு வருடம் தேடினார். அது கிடைக்காமல் தன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விடாதே என்று ஒருநாள் சொன்னபோது எனக்குக் கோபமும் வந்தது, பயமாகவும் இருந்தது.

டிங்கரிங் பட்டறைக் காசியின் அப்பாதான் அந்தக் காலத்தில் செட்டியாருக்கு மட்கார்டு அடித்துக் கொடுத்தவர். எப்போது கேட்டாலும் காசி பேச்சை மாற்றிவிடுவார். போன மாசியில் அவருடைய அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்த மறுநாள் காசியே தேடி வந்தார். அப்பா உயிரோடு இருக்கிற வரை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம்.

"ஒக்கூருக்கு முன்னால சேவுகப்பெருமாள் தோட்டம்னு கேளுங்கண்ணே, அங்குட்டுத்தான் இருக்கு. பாத்துட்டு வாங்க. ஆனா குடுங்கன்னு கேட்றாதீக."

ஏன் என்று கேட்க இவருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம், எனக்கடியில் படுக்கை விரிப்போடு. வேப்பமரம் வந்தது, இண்டிகேட்டர் எரிந்தது. இவர் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினார், அணையவில்லை. இடது பக்கம் ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. அங்கே நின்ற ஆளிடம் விசாரித்தால், அதுதான் சேவுகப்பெருமாள் தோட்டத்துக்குப் போகிற பாதையாம்.

பம்பு செட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வேம்பு. அதனடியில் மண்ணில் நட்டுவைத்த ஒரு தகரம், இடுப்பு உயரம். முழுக்க மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. போல்ட்டு ஓட்டைகளில் கண்ணாடி வளையல்கள். பக்கத்தில் ஓலைப் பெட்டிக்குள் மடித்த பாவாடை தாவணி. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரியாக இருந்தாலும், இது சாமி என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டேன். இவர் கண்ணுக்குப் பட்டது ஹெட்லைட் பள்ளத்தின் வளைவு மட்டும்தான். செருப்போடு ஓடிப்போய் மண்டியிட்டார். சாமி கும்பிட என்று நினைக்காதீர்கள். காந்தத்தை எடுத்து வைத்தார். டக்கென்று ஒட்டியது.

"பூரணி, இதுதான்" என்றார். கண்ணில் தண்ணீர். நகத்தால் மஞ்சளைச் சுரண்டினார். அடியில் அதே பச்சை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கையில் மண்வெட்டியோடு ஒருவர், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவர்தான் சேவுகப்பெருமாள். சத்தம் போடவில்லை.

"சார், அது எங்க அக்கா."

1978 மாசி. திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்குப் போய்விட்டு அப்பாவும் பிள்ளைகளும் ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறார்கள். அக்கா செந்தாமரைக்குப் பதினேழு வயது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சேவுகப்பெருமாளுக்குப் பதினொன்று. பச்சைக் கார் வந்து அடித்தது. மட்கார்டு பிய்ந்து விழுந்தது. செந்தாமரைக்கு உயிர் இருந்தது, தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அப்பா செட்டியார் காலில் விழுந்தார். செட்டியார் அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். கறையாகிவிடும், வேறு வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வண்டியும் வந்தது, ஒன்றரை மணி நேரம் கழித்து. ரத்தம் பட்ட மட்கார்டைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை. இங்கே கொண்டுவந்து நட்டார்கள். கல்யாணமாகாமல் போன பிள்ளை, அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமானாள். மாசிக்கு மாசி புதுப் பாவாடை வைத்துக் கும்பிடுகிறார்கள். முதலில் அம்மா மேல் வந்து இறங்கியவள், இப்போது சேவுகப்பெருமாளின் மகள் மேல் வருகிறாளாம். பழி வாங்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. என்னை வண்டியில் ஏற்றுங்கள், அது ஒன்றுதான் கேட்கிறாள்.

சொல்லி முடித்துவிட்டு அவர் பாதையில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அந்த வண்டிதானே? சீட்டு மாத்திட்டீகளா?"

ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்த மனுஷன், "மாத்தலை" என்றார்.

"அப்ப ஏத்திக்கங்க சார். சிவகங்கை பெரியாஸ்பத்திரி வரைக்கும். ஒரே ஒரு தடவை."

இவர் வண்டிக்குப் போனார். என் விரிப்பை உருவி எறிந்தார். அப்புறம் இரண்டு கையாலும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மண்ணும் எண்ணெயும் மஞ்சளும் ஒழுக இருவரும் அவளைத் தூக்கிவந்து சீட்டில் சாய்த்து வைத்தார்கள். இருப்பதே இரண்டு சீட்டு, சேவுகப்பெருமாள் ஏற முடியாது. "மெதுவாப் போங்க சார், அக்கா பயப்படும்" என்று மட்டும் சொன்னார்.

நான் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டம்மா மோர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. எட்டு வருடமாகத் தேடிய பொருள் அவர் கைக்கு வந்துவிட்டது. நேரே செக்காலைக்குப் போய் நாலு போல்ட்டை முடுக்கிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கட்டிய புருஷனைப் பற்றி அப்படியும் நினைத்தேன், மாதா என்னை மன்னிக்கட்டும். மூன்று மணி நேரம் ஆயிற்று. நாலு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. சேவுகப்பெருமாள் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

என் வீட்டுக்காரர் வந்தார், அவளோடு. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, பேஷண்டா என்று கேட்டாராம். இவர் ஆமாம் என்றாராம். அவசரப் பிரிவு வாசலில் ஒன்றரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தாராம். திரும்ப நட்டபிறகு, சுரண்டிய இடத்தில் தன் கையாலேயே மஞ்சள் பூசினார். காந்தத்தை அவள் மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வண்டியில் இன்னும் அந்தப் பட்டி மட்கார்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை. இடது சீட்டில் பெரிதாக மஞ்சள் கறை, துடைக்க விடமாட்டேன் என்கிறார். ஒக்கூர் வேப்பமரத்தைத் தாண்டும்போது இண்டிகேட்டர் எரிவதில்லை. சிவகங்கையில் ஆஸ்பத்திரித் திருப்பத்தில் எரிகிறது.

"ஏறு பூரணி, விரிப்பெல்லாம் வேணாம்" என்று இப்போது கூப்பிடுகிறார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியவள் நான், எதற்கும் பயந்தவள் இல்லை. ஆனாலும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய் எப்படி உட்காருவது? நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்.