அம்மனைச் சுற்றிப் படித்த வியாபார இங்கிலீஷ்

சொந்தங்களே, நான் சொல்லச் சொல்ல என் மனைவி செல்வி இதை எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். வாய் மட்டும் நீளம்.

எழுபத்தொன்பதாம் வருஷம், மழை பெய்த மறுநாள் தேயிலைச் சரிவில் உருண்டு விழுந்தேன். வலது தோள் முறிந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்க முடியவில்லை. தோட்டத்தில் வேலை இல்லாதவனுக்குத் தோட்டம் கொடுத்த லைன் வீடும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு லா. துரை சொல்லிட்டாரு."

மூன்று பிள்ளைகளோடு எங்கே போவது? அழுதேன். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் அழுதால் யார் நம்புவார்கள்? செல்விகூட நடிப்பென்றுதான் நினைத்தாள்.

பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறி முதலாளிக்கு, ஓட்டல்காரர்களோடு டெலிபோனில் இங்கிலீஷ் பேச ஆள் தேவைப்பட்டது. தங்க அறையும் உண்டு. பேசிப் பழக முதலாளியிடம் இரண்டு வாரம் தவணை கேட்டு வந்தேன். விஷயம் தெரிந்ததும் கிராணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"கவ்வாத்து வெட்டுறவனுக்கு இங்கிலீஷா? போய் மாட்டுக்கிட்ட பேசிப் பழகு!"

"அதுக்குத்தானே ஐயா உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

வீடுதான் போகிறது, வாயாவது மிஞ்சட்டுமே.

ஓட்டலில் வேலை செய்யும் மச்சினி தனம் சொல்லிக் கொடுத்தாள். "ஒத்த வார்த்தையா படிச்சா மறந்துடும் மாமா. ஜோடியா புடிங்க. பிளேஸ்னா கூடவே ஆர்டர். டேக்னா கூடவே டெலிவரி."

"புருஷன் பொண்டாட்டி மாதிரியா?"

"சேச்சே, இதுங்க சண்டை போடாது."

எழுதிப் படிக்கத் தெரியாதே! மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, வாய் கொடுத்தவ நீ. வார்த்தையும் கொடு. கொடுக்கிற வரைக்கும் சுத்துறத நிறுத்த மாட்டேன்" என்றேன். தினமும் காலையில் நூற்றெட்டுச் சுற்று. சுற்றுக்கு ஒரு ஜோடி, சத்தமாக.

பூசாரி பொறுக்கவில்லை. "யோவ், ஆத்தாளுக்கே முட்டகோஸ் ஆர்டரா?"

"அவ டெலிவரி எடுக்காம நான் போகமாட்டேன் சாமி!"

சோதனை நாள் வந்தது. டெலிபோன் அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. முதலாளி முறைத்தார். "ஆத்தா!" என்று மனதுக்குள் கத்தினேன். கால் தானாக எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே பிளேஸ் அன் ஆர்டர் வந்தது. அடுத்ததில் கன்பர்ம் த ஆர்டர். மூன்றாவதில் டேக் டெலிவரி. டெலிபோன் ஒயர் இடுப்பில் மூன்று வளையம் சுற்றியிருந்தது. ஓட்டல்காரர் அறுபது முட்டைக்கோஸ் கேட்டு, "வெரி குட்" என்று வைத்தார்.

முதலாளி ஒயரை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நாளையில இருந்து வந்துடுய்யா. ஆனா நீளமான ஒயரு வாங்கணும் போல."

மாதக் கடைசிக்கு முன்பே சாமான்களை லோரியில் ஏற்றினோம். யாரும் துரத்தவில்லை, நாங்களாகவே கிளம்பினோம். வேலை முடிந்தால் தினமும் கள்ளுக்கடைதான் எனக்கு; ஆத்தாளுக்கு நன்றியாக அன்றோடு அந்தக் கள்ளையும் விட்டேன். ஏழு வருஷமாகிறது.

உங்களையும் ஒருவன் "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆத்தாளிடம் போங்கள். வேண்டியதைச் சத்தமாகக் கேளுங்கள். அவளுக்குப் புரியாத பாஷை கிடையாது. கேட்கிற நமக்குத்தான் வெட்கம் இருக்கக் கூடாது.