வெறுங்காலோடு நின்ற தொடர் ஓட்டம்

ஏழாவதோடு படிப்பு போச்சு. ஆனாலும் அம்பத்தூரில் சொந்த லேத் பட்டறை போட்டேன். சேக்காட்டில் மாடி வீடு கட்டினேன். அறுபது தாண்டியவர்களைப் பிடித்து ஆவடி மைதானத்தில் ஒரு தொடர் ஓட்ட அணியை உருவாக்கினேன். தொப்பையோடு வந்தவர்களுக்கு, முன்னால் ஓடி வருபவரிடமிருந்து கட்டையை வாங்கி ஓடக் கற்றுக்கொடுத்தவன் நான். நாலு பேரில் கடைசி ஓட்டம் எப்போதும் என்னுடையது.

மூத்தோர் போட்டி ஆடி மாதத்தில் வந்தது. தெரு அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்பு கட்டியிருந்தேன். காப்பு கட்டினால் செருப்பு கூடாது. ஷூவும் அப்படித்தான்.

“இன்னா மாமே, வெறுங்கால்லயா ஓடப் போற? ரப்பர் தரை, வெயில்ல கொதிக்கும்” என்றார் முதலில் ஓடுபவர், ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்.

“வருசா வருசம் நெருப்புல நடக்கறவன்யா நானு. இது இன்னா பண்ணும்?”

“அம்மன்கிட்ட சொல்லிக்கினு ஒரு நாள் போட்டுக்கயேன்.”

“நீ போய் உன் லேஸக் கட்டு.”

காலையில் நடக்க வேண்டிய ஓட்டம், சிறப்பு விருந்தினர் வராததால் உச்சி வெயிலுக்குப் போனது. எங்களை அவரவர் இடத்தில் நிறுத்திவிட்டு, தாமதமாக வந்த விருந்தினர் பேசி முடிக்கட்டும் என்றார்கள். நகரவும் கூடாதாம். தீக்குழியில் நடந்துகொண்டே இருப்போம், ஒருநாளும் நின்றதில்லை. இங்கே நின்றேன். கால் மாற்றிக் கால் வைத்தேன். தாயே தாயே என்றேன். எத்தனையோ ஓட்டத்தில் படபடப்பை மூச்சை இழுத்தே அடக்கியவன் நான். உள்ளங்காலை அடக்க முடியவில்லை. மைக்கில் பேச்சு முடியவே இல்லை. தோல் கழன்றதும் உட்கார்ந்துவிட்டேன்.

என் இடத்தில் மாற்று ஆளை நிறுத்தினார்கள். பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பந்தலிலிருந்து பார்த்தேன். கட்டை கை மாறிய விதம் அப்படியே நான் சொல்லிக்கொடுத்தது. முதலாவதாக வந்தார்கள். தட்டுவதற்குக் கை எழவில்லை.

அடுத்த ஞாயிறு தீயும் மிதிக்க முடியவில்லை. ஆட்டோவில் போய், ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் குழியில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மனுக்காகத்தான் ஷூ போடவில்லை. அதை அவளிடம் சொல்லிக்காட்ட முடியுமா?

இப்போது மைதான வாசலில் ஜெயித்த அணிக்குப் பேனர் தொங்குகிறது. நாலு முகம். என் முகம் இல்லை.

“நீ ஓடலியே அண்ணாத்தே, நாங்க இன்னா பண்றது?” என்கிறார்கள் அணிக்காரர்கள்.

ஓடவில்லைதான். ஓடினவர்களை ஓட வைத்தது யார்? பேனரை இறக்குங்கள். ஐந்தாவதாக என் படத்தையும் போட்டு மறுபடி கட்டுங்கள். மூலையில் சின்னதாக வேண்டாம், மற்ற நாலு படத்தின் அளவுக்கே இருக்கட்டும்.